சரி சாருக்கு வாய்த்த மாப்பிள்ளை

கண்ணாடிக் கடைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் மட்டும் குடியிருந்தது. மற்றபடி அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் சரி சார்தான். கண்ணுக்கு அளவு பார்ப்பது, ஃப்ரேமை வளைப்பது, காதுக்குப் பின்னால் உறுத்தாமல் பொருத்திக் கொடுப்பது அவருடைய தொழில். யார் எதைக் கேட்டாலும், கேள்வி முடிவதற்குள் சரி என்று சொல்லிவிடுவது அவருடைய சுபாவம்.

சொல்லக் கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டால் தலை ஆடிவிடும். தலையைப் பிடித்து வைத்தால் கை போய் வாங்கிக்கொள்ளும். அப்படித்தான் பக்கத்து வீட்டு நாய்கள் இரண்டும் காலையில் அவரோடு நடக்கப் போயின. முன்பின் பார்த்திராதவர்களின் பதிவுத் திருமணங்களுக்கு அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பாட்டுக் குழு ஒன்றில், பாடவே வராத அவர், இரண்டாவது வரிசையில் நின்று வாயசைத்தார்.

கல்யாண விஷயத்திலும் இதே கூத்துதான். இளவயதில் அக்கா ஒரு பெண்ணைச் சொன்னாள், சரி என்றார். அதே வாரம் சித்தப்பா இன்னொரு பெண்ணைச் சொன்னார், அதற்கும் சரி. இரண்டு வீட்டாரும் ஒரே துணிக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, வரப்போகிற மாப்பிள்ளையின் போட்டோவை ஒருவருக்கொருவர் பெருமையாகக் காட்டிக்கொண்டார்கள். அத்தோடு இரண்டு சம்பந்தமும் போயிற்று. அதற்கப்புறம் அவருக்குப் பெண் பார்க்க யாருக்கும் தெம்பில்லை. ஐம்பதைத் தொட்டும் தனிக்கட்டை.

குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் அப்படித்தான். யாருமே முன்வராத கூட்டத்தில், தலைவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தலைவர் ரேடியோவில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தேன் குழைத்த குரல், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். அவருடைய பார்வை தன்மேல் விழுந்த கணமே, அவர் வாயைத் திறக்குமுன், "சரிங்க" என்று சொல்லிவிட்டார் நம் ஆள்.

அந்த வருஷம்தான் கட்டடத்துக்கு அந்த மெஷின் வந்தது. தானே யோசித்து வேலை செய்கிற அமைப்பு என்று சொன்னார்கள். பொருத்த வந்த இன்ஜினியர் பெண் கொண்டைக்குள் ஒரு ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு, தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிக்கிறவள். முதலில் விளக்குகளை மட்டும் கொடுப்போம், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் தண்ணீர், அப்புறம் லிஃப்ட், அப்புறம் வாசல் கேட், நம்பிக்கை வளர வளரக் கயிற்றை விட்டுப் பிடிப்போம் என்றாள். குடியிருப்பவர்கள் அதனிடம் எது வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் செயலாளர் உறுதி செய்தால்தான் நடக்கும். உறுதி செய்ய ஒரு சொல் வேண்டும், உங்களுக்குச் சட்டென்று வாயில் வருகிற சொல்லாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டாள்.

"சரி" என்றார் அவர்.

அவள் அதையே பதிந்துகொண்டாள்.

வீட்டுக்குப் புதிதாக வந்தது, ஆளாளுக்குக் கவனிக்கிறார்கள், அதுவும் முகம் கோணாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறது. ஆகவே கட்டடத்து ஜனங்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஒரு சின்ன ஸ்பீக்கர். சரி சாரின் சட்டைப் பையில் இருந்த போன் வழியாகவும் அது பேசும், கேட்கும். விளக்கில் அது பெயர் வாங்கியது. தண்ணீரில் அதைவிடப் பெயர் வாங்கியது. லிஃப்டும் கேட்டும் கைக்கு வந்தபோது, இனி சின்னச் சின்ன முடிவுகளை மாப்பிள்ளையே எடுக்கலாம் என்று கூட்டத்தில் கைதட்டித் தீர்மானம் போட்டார்கள்.

கோரிக்கைகள் மழையாகக் கொட்டின. "ஐந்தாம் மாடியில் இருந்து ஒரு வேண்டுகோள்" என்று மாப்பிள்ளை ஆரம்பிக்கும். "சரி" என்பார் சரி சார், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. என்ன வேண்டுகோள் என்று அப்புறம்தான் தெரியும். ஐந்தாம் மாடி மருமகன், தன் மாமியார் இந்த வாரம் வராமல் இருந்தால் தேவலை என்று கேட்டிருந்தார். மாமியார் வந்தார், லிஃப்டில் ஏறினார். லிஃப்ட் நாலாம் மாடியில் நின்றது, ஆறாம் மாடியில் நின்றது, ஐந்தில் நிற்கவே இல்லை. அந்த அம்மாள் மேலும் கீழுமாகப் போய்வந்து, ஏறி இறங்கிய எல்லோரிடமும் கதை பேசி, மொத்தக் கட்டடத்துக்கும் மருமகனின் சின்ன வயதுப் பட்டப்பெயரைச் சொல்லிவிட்டு, மகிழ்ச்சியாகத் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

எட்டாம் மாடி அண்ணனும் இரண்டாம் மாடித் தம்பியும் வருஷக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூடாது என்று இருவரும் தனித்தனியே கேட்டிருந்தார்கள். அதற்கும் சரிதான். அண்ணன் ஒரு லிஃப்டில் இறங்கினால் தம்பி மற்ற லிஃப்டில் மேலே போவார். ஒருவர் கேட்டைத் தாண்டும்வரை மற்றவருக்குக் கதவு திறக்காது. இருவருக்கும் பரம திருப்தி.

மூன்றாம் மாடியில் இருந்த டிரைவிங் டீச்சருக்குத்தான் இது எதுவும் பிடிக்கவில்லை. கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற பெண்மணி. அவளுடைய சின்னக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. சரி சாரை விட இரண்டு மூன்று வயது இளையவள், கணவரை இழந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வயிற்றிலிருந்து சிரிப்பாள். மாதம் ஒருமுறையாவது கண்ணாடியின் காலை வளைத்துக்கொண்டு கடைக்கு வந்து நிற்பாள். நல்ல கண்ணாடி அப்படி அடிக்கடி வளையாது என்பது கடைக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை. அவள் சிரித்தால் கடையில் உள்ள அத்தனை கண்ணாடிகளும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

ஒருநாள் புது ஃப்ரேமைப் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். மனதாரத்தான் சொன்னார்.

"எப்படி சார் நம்புறது?" என்றாள் அவள். "நேத்து தலைவர் பாடினதையும் இதே மாதிரி நல்லா இருக்குன்னுதானே சொன்னீங்க. எல்லாத்துக்கும் சரி சொல்றவர் சரின்னு சொன்னா, அதுல எனக்குன்னு என்ன இருக்கு?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவர் அன்றைக்கு மூன்று ஃப்ரேம்களைத் தப்பாக வளைத்தார்.

ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை மாலை கீழ்த்தள ஹாலில் ஏற்பாடாகியிருந்தது. ஒருத்தர் விடாமல் எல்லாரும் வர வேண்டும், தன் பேச்சு முடிகிறவரை யாரும் கிளம்பக் கூடாது, சரியா என்று தலைவர் இரண்டு நாள் முன்பே கேட்டுவிட்டார். சரிங்க என்றார் இவர். சட்டைப் பைக்குள் மாப்பிள்ளை, "உறுதி செய்யப்பட்டது" என்றது.

ஞாயிறு மாலை, மாப்பிள்ளை வேலையில் இறங்கியது. வீடுகளில் விளக்குகள் அணைந்தன. குழாய்கள் நின்றன. லிஃப்டுகள் கீழே மட்டும் போயின. ஏழாம் மாடிக்காரர் தலை முழுக்க சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்து, முதல் வரிசையில்தான் இடம் இருந்ததால் அங்கேயே உட்கார்ந்தார். அண்ணனும் வந்தார், தம்பியும் வந்தார். இருவரும் வந்தாக வேண்டும், இருவரும் பார்த்துக்கொள்ளவும் கூடாது. மாப்பிள்ளை நொடியில் வழி கண்டுபிடித்தது. அண்ணன் தலையைத் திருப்பினால் தம்பி உட்கார்ந்த பக்கம் இருட்டாகும், தம்பி திரும்பினால் அண்ணன் பக்கம் இருட்டாகும். ஹால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மின்னி மின்னி அணைந்தது. இது கலை நிகழ்ச்சியின் தொடக்கம் என்று நினைத்துப் பின்வரிசைப் பெண்கள் எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். சோப்பு நுரைக்காரரும் சேர்ந்துகொண்டார். தலைவர் மைக்கில் வரவேற்புரையைத் தொடங்கி, ரேடியோவில் தன் முதல் நாளை விவரிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் நாலாம் மாடி நர்ஸம்மா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குப் போனாள். அவளுக்கு மாலை ட்யூட்டி. வார்டில் அவள் போய் நின்றால்தான் அங்கே இருப்பவள் வீட்டுக்குப் போகலாம். கேட் திறக்கவில்லை. சரி சார் ஓடி வந்தார், பின்னாலேயே பாதி ஹால் வந்தது, மைக்கோடு தலைவரும் வந்தார்.

கேட்டைத் திறக்கச் சொன்னாள் நர்ஸம்மா. சரி என்றார். கேட் உருண்டு திறந்தது. யாரும் கிளம்பக் கூடாது என்று சொன்னோமே, முக்கியமான கட்டம் வரப் போகிறதே என்றார் தலைவர். சரிங்க என்றார். கேட் உருண்டு மூடியது. சார், எனக்கு நேரமாகிறது என்றாள் அவள். சரிம்மா. திறந்தது. ஐந்தே நிமிஷம் என்றார் தலைவர். சரி தலைவரே. மூடியது. கேட்டின் மோட்டார் முனகிக்கொண்டே அங்கும் இங்கும் ஓட, கூட்டம் டென்னிஸ் பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. டிரைவிங் டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அடுத்த தடவை திறந்தபோது நர்ஸம்மா துணிந்து வண்டியைக் கேட் இடைவெளிக்குள் விட்டுவிட்டாள். கேட் மறுபடி உருண்டு வந்தது. டீச்சர் பாய்ந்து ஸ்கூட்டரின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். கேட்டின் இரும்பு, முன்சக்கரத்தையும் நர்ஸம்மாவின் கால் விரல்களையும் மயிரிழையில் விட்டுவிட்டுப் போய்ச் சாத்திக்கொண்டது. சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

"பரவாயில்ல, ஒண்ணும் ஆகலையே" என்றார் தலைவர், அவரும் பயந்துபோய்த்தான். "எல்லாரும் உள்ள வந்துடலாம். சரியா சார்?"

சரி சார் வாயைத் திறந்தார். பழக்கப்பட்ட சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நர்ஸம்மாவின் கால் விரல்களைப் பார்த்தார். வார்டில் யாரோ ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று தோன்றியது, ஏனோ அவள் முகம்கூடத் தெரிவதுபோல இருந்தது.

"முடியாது தலைவரே" என்றார்.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது கட்டடம் முழுக்கக் கேட்டது.

"புரியவில்லை" என்றது மாப்பிள்ளை சட்டைப் பைக்குள்ளிருந்து.

"கேட்டைத் திற. திறந்தே இருக்கட்டும். யார் சொன்னாலும் மூடாதே, நான் சொன்னாலும்."

"உறுதி செய்யவா?"

அவர் ஒரு மூச்சு விட்டார். "சரி."

வாழ்நாளில் அவர் யோசித்துச் சொன்ன முதல் சரி அதுதான். கேட் திறந்தது. நர்ஸம்மாவின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது. அப்புறம் தலைவர்தான் முதலில் கைதட்டினார். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே தட்டியதால் இடி இடித்ததுபோல இருந்தது.

அதற்கப்புறம் சரி சாருக்குத் தலைகால் புரியவில்லை. முடியாது என்ற சொல் இத்தனை ருசியாக இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லையே. மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார், தெருவில் விளக்குக் கம்பத்திடம் சொல்லிப் பார்த்தார். அப்புறம் மனிதர்களிடம் ஆரம்பித்தார். பாட்டுக் குழுவுக்கு வர முடியாது. சாட்சிக் கையெழுத்து முடியாது. கடைக்கு வந்தவர் தங்க நிற ஃப்ரேம் கேட்டதற்கு, முடியாது, உங்கள் மூக்கு அதைத் தாங்காது என்று சொல்லி வேறொன்றைப் பொருத்தினார். அவர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, கட்டிப்பிடிக்காத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனார். நாய்களுக்குச் சொந்தக்காரரிடமும் முடியாது என்றார். ஆனால் நாய்கள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்த ஒன்று மட்டும் பலிக்கவில்லை.

அக்கா போன் செய்து, வழக்கம்போல எதற்கோ வரச் சொன்னாள். "முடியாதுக்கா" என்றார். தவறான எண் என்று அவள் துண்டித்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டு, "டேய், நீதானா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். இல்லை என்று அவர் சிரிக்க, அந்தப் பக்கம் அவளும் சிரிக்க, எதற்குப் போன் செய்தோம் என்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள்.

இந்தத் தலைச்சுற்றலின் உச்சத்தில்தான் டிரைவிங் டீச்சர் கடைக்கு வந்தாள். கண்ணாடியின் கால் இந்த முறை வளைந்திருக்கவில்லை. சும்மாதான் வந்தாள். முகத்தில் ஏதோ வெட்கம்.

"ஞாயித்துக்கிழமை ஆத்துப் பக்கமா காரை எடுத்துட்டுப் போலாம்னு இருக்கேன். நீங்களும் வர்றீங்களா சார்?"

"முடியாதுங்க" என்றார் அவர். வாய் பழகிய வேகத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் கேள்வியே காதில் விழுந்தது.

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நல்லது சார். இப்பவாவது சொல்லத் தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

அதற்குள் கட்டடத்தில் வேறொரு கூத்து. மாப்பிள்ளையும் மறுக்க ஆரம்பித்திருந்தது. நாலாம் மாடி என்று சொன்னால், "முடியாது, படி இருக்கிறது" என்றது லிஃப்ட். குளிக்கப் போனால், "முடியாது, காலையில்தானே குளித்தீர்கள்" என்றது குழாய்ப் பக்கத்து ஸ்பீக்கர். தலைவர் மைக்கைப் போடச் சொன்னதற்கும் முடியாது என்றது. அதைப் பற்றி மட்டும் யாரும் புகார் கொடுக்கவில்லை.

இன்ஜினியர் பெண்ணைக் கூப்பிட்டார்கள். லிஃப்ட் அவளையும் ஏற்ற மறுத்ததால், மெஷின் இருந்த மொட்டை மாடி அறைவரை படியேறி வந்து, மூச்சிரைக்கச் சிரித்தாள். மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை, செயலாளர் எப்படி முடிவெடுக்கிறார் என்று பார்த்துப் பார்த்துத்தான் அது கற்றுக்கொள்கிறது என்றாள். "உங்க மேல அதுக்கு ரொம்ப மரியாதை சார். முதல்ல நீங்க எல்லாத்துக்கும் சரின்னீங்க, அதுவும் சரின்னுச்சு. இப்ப..."

சரி சார் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டிலுமே தனக்கு யோசிக்கிற வேலை இருக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தப்பு தன்னுடையதும்தான் என்றாள் அவள், ஸ்க்ரூடிரைவரைக் கொண்டையில் செருகியபடி. அதற்கு வேகம் கொடுத்தோம், ஞாபகசக்தி கொடுத்தோம், சொந்தமாக முடிவெடுக்கச் சுதந்திரமும் கொடுத்தோம். அந்தச் சுதந்திரத்தை எப்படி நடத்துவது என்று யாருமே சொல்லித் தரவில்லை. விதிமுறை எழுதிப் போட்டுவிடலாமே என்று கட்டடத்தில் கேட்டார்கள். சரி, எழுதித் தாருங்கள் என்று கூட்டம் கூட்டச் சொன்னாள்.

அந்தக் கூட்டத்தைப் போலச் சிரித்த கூட்டம் அந்தக் கட்டடத்தில் நடந்ததில்லை. யார் எந்த விதியைச் சொன்னாலும், அடுத்தவர் எழுந்து அது எங்கே கவிழும் என்று காட்டினார். ஒருவர் கேட்டதைச் செய்ய வேண்டும் என்றால், மாமியார் லிஃப்டில் ஊர்வலம் போனதை நினைவூட்டினார்கள். யாருக்கும் தொந்தரவு கூடாது என்றால், லிஃப்ட் ஓடுகிற சத்தமே எனக்குத் தொந்தரவு என்றார் முதல் மாடிக்காரர். பெரும்பான்மை சொல்வதைச் செய்யட்டும் என்றார் தலைவர். அப்படியென்றால் அவர் பேச்சை இப்போதே நிறுத்தலாமா என்று பின்வரிசையில் யாரோ கேட்க, அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

நர்ஸம்மா எழுந்து நின்றபோதுதான் ஹால் அடங்கியது. புதிதாக வருகிறவர்களுக்கு எடுத்த எடுப்பில் வார்டைக் கொடுக்க மாட்டோம் என்றாள். "கை வேகமா இருக்கான்னு பார்க்க மாட்டோம். எப்ப தானே செய்யணும், எப்ப டாக்டரைக் கூப்பிடணும்னு தெரியுதான்னு பார்ப்போம். அது தெரிஞ்சவங்க கையிலதான் வார்டைக் கொடுப்போம்."

டிரைவிங் டீச்சர் கடைசி வரிசையில் இருந்தாள். சரி சாரைப் பார்க்காமல் பேசினாள். பிரேக்கை எப்போது அமுக்க வேண்டும் என்று விதி எழுதினால் அது ஒரு லாரி கொள்ளாது, தெருவில் போகிற ஒவ்வொருவரும் தெரிந்தவர் என்று நினைத்து ஓட்டுங்கள் என்றுதான் தான் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னாள்.

அப்புறம் எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். அவருக்கு மேடைப் பேச்சு வராது.

"நான் சரின்னு சொன்னப்ப எல்லாம் கேட்டவங்க முகத்தை மட்டும்தான் பார்த்தேன்" என்றார். "அந்த இடத்துல இல்லாதவங்க முகத்தைப் பார்த்ததே இல்ல. முடியாதுன்னு சொன்னப்ப யார் முகத்தையுமே பார்க்கல. என் வாய் ருசிக்குச் சொன்னேன். மாப்பிள்ளையாவது ரெண்டு பேரையும் பார்க்கட்டும்."

இன்ஜினியர் பெண் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். இவற்றை அவள் விதியாக எழுதவில்லை. அடுத்த சில வாரங்கள் மாலையில் வந்து உட்கார்ந்து, நடந்த கூத்துகள் ஒவ்வொன்றையும் மாப்பிள்ளையிடம் சொல்லி, அங்கே இல்லாதவர் யார், செய்தபின் திருப்ப முடியுமா, யாரைக் கேட்டிருக்கலாம் என்று பேசிப் பேசிப் பழக்கினாள். சரி சாரும் கூட உட்கார்ந்தார். கேட்டுக்கு யார் வேண்டுமானாலும் கையால் திறக்கிற மாதிரி ஒரு கைப்பிடி வைத்தார்கள். சரி என்ற ஒற்றைச் சொல்லால் உறுதி செய்கிற முறையை எடுத்துவிட்டார்கள். பழக்கத்தின் நடுவில் மாப்பிள்ளை ஒரு கேள்வி கேட்டது: தான் செய்வது தவறு என்றால் தன்னிடம் யார் சொல்வார்கள்? அதை அவள் கட்டடம் முழுக்க ஸ்பீக்கரில் கேட்க வைத்தாள். ஒவ்வொரு மாடியிலிருந்தும் நான் சொல்கிறேன், நான் சொல்கிறேன் என்று குரல் வந்தது. அதற்கு மட்டும் அங்கே ஆள் பஞ்சமே இல்லை.

மாப்பிள்ளையின் பேச்சும் மெல்ல மெல்லக் கட்டடத்துப் பேச்சாகியது. ஐந்தாம் மாடி மருமகன் மறுபடி மாமியாரைப் பற்றிக் கேட்டபோது, "அதை நீங்களே அவங்ககிட்ட சொன்னா நல்லது. வேணும்னா, அவங்க வர்ற நேரத்தை முன்கூட்டிச் சொல்றேன்" என்றது. அண்ணன் தம்பியிடம், இதுவரை செய்ததைத் தொடர்வதாகவும், ஆனால் மற்றவர்களின் லிஃப்டை அதற்காக நிறுத்தப் போவதில்லை என்றும் பணிவாகச் சொல்லிவிட்டது. அவசரத்தில் ஒருநாள் இருவரும் ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். பேசவில்லை. ஆனால் அண்ணன் தம்பிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டதாக ஒரு தகவல்.

சரி சாருக்கு எல்லாமே கூடி வந்தது, டீச்சரிடம் பேசுவதைத் தவிர. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். ஒரு சனிக்கிழமை காலை ஆறாம் மாடியில் தன் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால், கீழே டீச்சர் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கிறாள். வேறு ஊரில் அவளுடைய தங்கை டிரைவிங் ஸ்கூல் தொடங்குகிறாள், அவள் துணைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தார். அது இன்றைக்கு என்று தெரியாது.

"மாப்பிள்ளை, கேட்டை மூடு. அவங்க போகக் கூடாது."

"எதுக்குன்னு கேட்கலாமா சார்?"

"அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சீக்கிரம்."

"மூட மாட்டேன் சார். போறதா இருக்கிறதான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நான் மூடினா, யார் மூடச் சொன்னாங்கன்னு அவங்க கேட்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் நீங்க சொல்ல வந்ததை அவங்க எப்படிக் கேட்பாங்க?" அப்புறம் சொன்னது: "ரெண்டாவது லிஃப்ட் உங்க வாசல்ல திறந்து நிக்குது. கீழ யாரும் காத்திருக்கல, நேரா போயிடும். ஓடுங்க சார்."

அவர் ஓடினார். ஒரு காலில் செருப்பு இல்லை என்பது லிஃப்டில்தான் தெரிந்தது. கீழே வந்தபோது கார் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நாலடி ஓடினார். அவள் பிரேக்கை அமுக்கினாள்.

அன்றைக்கு முடியாது என்று சொன்னது யோசிக்காமல் சொன்னது என்றார்.

"இப்ப யோசிச்சீங்களா?"

"லிஃப்ட்ல யோசிச்சேன்."

"ஆறு மாடி யோசனை போதுமா சார்?"

"மாசக்கணக்கா யோசிச்சதுங்க. லிஃப்ட்ல முடிவாச்சு."

அவள் இன்ஜினை நிறுத்தினாள். கேலியில்லாமல் அவரைப் பார்த்தாள். "நான் போறது சரியா?" என்று கேட்டாள்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. சொன்னபோது நிதானமாகச் சொன்னார். "உங்களுக்கும் உங்க தங்கச்சிக்கும் அது நல்லது. எனக்கு நல்லா இல்ல. போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமைதோறும் அங்க வரட்டுமான்னு கேட்கலாம் இல்லையா?"

அவள் சிரித்தாள். வயிற்றிலிருந்து வரும் அந்தச் சிரிப்பு. கடையில் அத்தனை கண்ணாடிகளும் திரும்பிப் பார்க்குமே, அதே சிரிப்பு. அவள் ஒரு வருஷம் தங்கையோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்ததும், பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட நானா நீயா என்று மொத்தக் கட்டடமும் அடித்துக்கொண்டதும் அப்புறம் நடந்தவை. அன்றைக்கு நடந்தது வேறு.

வண்டி ஓட்டத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் எப்படி வருவீர்கள் என்று கேட்டு, இறங்கி, அவரை ஸ்டியரிங் முன் உட்கார வைத்துவிட்டு, தன் பிரேக் இருக்கிற பக்கம் போய் உட்கார்ந்தாள். தெருமுனை ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டு திரும்பினால் போதும் என்றாள். அவர் ரவுண்டானாவுக்குள் நுழைந்தார். வெளியே வரத் தெரியவில்லை. ஒவ்வொரு வழியிலும் ஒரு பஸ்ஸோ சைக்கிளோ குறுக்கே வர, அதற்கு வழிவிட்டுவிட்டு மறுபடி சுற்றினார். பின்சீட்டில் பெட்டிகள் ஒரு பக்கமாகச் சரிந்தன. நடுவில் புல்தரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒவ்வொரு சுற்றுக்கும் கையசைத்தார்கள். அடுத்த சுற்றில் இவர்களும் கையசைத்தார்கள். எந்த வழியில் வெளியே போவது என்று நான் சொல்லவே மாட்டேன் என்று டீச்சர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். செருப்பில்லாத கால் ஆக்ஸிலரேட்டரில் கூச, தலை கிறுகிறுக்க, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்க, அவர் இன்னொரு சுற்றுக்கு ஸ்டியரிங்கை வளைத்தார்.